அரிக்கமேட்டைத் தோண்டியவர் இங்கேயும் தோண்டியிருக்கிறார்

டார்செஸ்டர், இங்கிலாந்து,
பிப்ரவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

நைட் டியூட்டி முடிந்து இரண்டு நாள் லீவு கிடைத்தது. பக்கத்தில் மார்ட்டின்ஸ்டவுன் என்ற கிராமத்துக்குப் போனேன். சின்ன ஊர், புனித மார்ட்டின் பேரில் ஒரு பழைய கிறிஸ்தவக் கோயில். தெருவோடு ஓர் ஓடையும் கூடவே வருகிறது. குளிர்காலத்தில் ஓடி, கோடையில் வற்றிவிடுமாம். அந்தத் தண்ணீர்ச் சத்தம் தவிர ஊரில் வேறு சத்தமே இல்லை.

அங்கிருந்து மெய்டன் காசில் என்ற பழைய கோட்டைக்கு நடந்தேன். காசில் என்றதும் செஞ்சி மாதிரி மதிலும் கொத்தளமும் இருக்கும் என்று நினைத்தேன். எல்லாம் மண்தான் அப்பா. குன்றைச் சுற்றி அகழி வெட்டி, வெட்டிய மண்ணையே கரையாகக் குவித்து, அதற்கு வெளியே மறுபடி அகழி, மறுபடி கரை. ரோமர் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே மட்டும் 47 ஏக்கர். மேற்கு வாசலில் நேரே போக முடியாது, கரைகளுக்கு நடுவே வளைந்து வளைந்துதான் போகவேண்டும். இப்போது அங்கே ஆடுகள் மேய்கின்றன.

மறுநாள் இங்குள்ள அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1934 முதல் 1937 வரை அந்தக் கோட்டையைத் தோண்டியவர் மார்ட்டிமர் வீலர்! பெயரைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 1945இல் ஒரு வெள்ளைக்காரர் வந்து நம் அரிக்கமேட்டைத் தோண்டினார் என்று சொல்வீர்களே, அவரேதான். கோட்டைக்குள் இருபதாயிரத்துக்கும் மேல் கவண்கல் கிடைத்ததாம், எல்லாம் கடற்கரையிலிருந்து சுமந்து வந்த கூழாங்கல். ஒரு மனிதனின் முதுகெலும்பில் இரும்பு முனை தைத்தபடியே இருக்கிறது. நர்ஸ் வேலை பார்க்கிறவள் அல்லவா, தண்டுவடத்தில் பட்டிருக்குமா என்றுதான் முதலில் பார்த்தேன். அப்புறம் வெகுநேரம் அங்கிருந்து நகர முடியவில்லை. ரோமர் படையெடுப்பில் செத்தவன் என்று வீலர் எழுதினார். கோட்டையில் அவர் சொன்ன பெரும் போர் நடந்ததா என்று பின்னால் வந்தவர்கள் சந்தேகப்படுகிறார்கள். இங்கே படையோடு வந்த அதே ரோமரின் மதுச்சாடிதான் நம் அரிக்கமேட்டு ஆற்றங்கரைக்கு வியாபாரத்தில் வந்தது.

சின்ன வயதில் சைக்கிளில் என்னை அரிக்கமேட்டுக்குக் கூட்டிப்போனீர்கள், நினைவிருக்கிறதா? நான் பொறுக்கிய ஓட்டாஞ்சில்லை, எடுத்த இடத்திலேயே போடு என்றீர்கள். அன்றைக்கு அழுதேன். நீங்கள் சொன்னதுதான் சரி.

வெயில் ஏறுவதற்குள் ஒரு காலையில் அங்கே போய், ஆறு தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். அம்மாவையும் ஆட்டோவில் கூட்டிப்போங்கள், நடக்க விடாதீர்கள்.

உங்கள் அன்பு மகள்