'தனிமனிதன் மட்டுமே உண்மை' என்று எழுதிய நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தனிமனிதன் மட்டுமே உண்மை, சமூகம் என்பது வெறும் பெயர் என்று எழுதியிருந்தீர்கள். அதில் பாதியை நான் தயக்கமின்றி ஏற்கிறேன். வலிப்பது மனிதருக்குத்தான், சமூகத்துக்குப் பல்வலி வருவதில்லை. சோவியத் ஒன்றியத்தில் 1929 முதல் உழவர்களின் நிலங்களைக் கூட்டுப்பண்ணைகளில் கட்டாயமாகச் சேர்த்தபோது எல்லாம் மக்களின் பெயரால்தான் நடந்தது; 1932-33 பஞ்சத்தில் பட்டினியால் இறந்தவர்களும் அதே மக்கள்தாம். தனிமனிதரைவிடக் கூட்டமே பெரிது என்னும் கூட்டுவாதத்தின் தீராத குறை இது: கூட்டத்துக்காகப் பேசுகிறவர், கூட்டத்தில் இருப்பவரைக் கேட்பதில்லை.

இனி, நீங்கள் சான்றாகக் காட்டிய சீனாவின் சியாவ்காங் கிராமத்துக்கு வருகிறேன். நிலமும் விளைச்சலும் பொதுவாக இருந்த கம்யூன் முறையில் வயிறு நிறையாத அவ்வூரின் 18 விவசாயிகள், 1978இல் நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்ள இரகசிய ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள் என்பதும், அடுத்த ஆண்டே விளைச்சல் பெருகியது என்பதும் உண்மை. தன் உழைப்பின் பலன் தனக்கு என்றால் மனிதன் எப்படி உழைப்பான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் அதே ஒப்பந்தத்தின் மற்றொரு வாசகத்தை விட்டுவிட்டீர்கள். இதற்காக யாரேனும் சிறை சென்றாலோ கொல்லப்பட்டாலோ, அவர்களுடைய பிள்ளைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்ப்பதாக அவர்கள் உறுதி கூறியிருந்தார்கள். கூட்டுப்பண்ணையிலிருந்து விடுபடும் துணிவை அவர்களுக்குக் கொடுத்ததே இன்னொரு கூட்டுதான்; ஆனால் அது மேலிருந்து சுமத்தப்பட்டதன்று, அவர்களே கூடிச் செய்துகொண்டது.

பொதுவில் விட்டது பாழாகும் என்ற உங்கள் வாதம், 1968இல் அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின் முன்வைத்தது. அமெரிக்க அரசியல் அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரம் அதற்கு ஏட்டிலிருந்தன்றி ஊர்களிலிருந்தே விடை தேடினார். 2009இல் பொருளியல் நோபல் பரிசும் பெற்றார். அவர் எடுத்துக்காட்டிய சுவிட்சர்லாந்தின் டோர்பல் ஊரில், குளிர்காலத்தில் தன்னால் தீனி போட்டுக் காப்பாற்ற முடிந்த அளவுக்கு மேல் ஒருவரும் மாடுகளை மலை மேய்ச்சலுக்கு அனுப்பக் கூடாது என்று 1517இலேயே விதி இருந்தது. அவ்வூரில் வயல் தனியுடைமை, மேய்ச்சல் நிலம் பொது. இரண்டு தத்துவங்களும் ஒரே மலைச்சரிவில் சண்டையின்றி இருந்தன. (வெளியூரார் அங்கே நிலம் வாங்கினாலும் மேய்ச்சலில் உரிமை கிடைக்கவில்லை என்பதையும் நான் மறைக்கவில்லை. நன்றாக நடக்கும் கூட்டும் வாசலில் ஒருவரை நிறுத்தித்தான் வைக்கிறது.)

ஆகவே கூட்டு வேண்டுமா, வேண்டாமா என்பதைவிட, அதில் 'மாட்டேன்' என்று சொன்னவர் மறுநாளும் உள்ளே இருக்க முடிகிறதா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். அப்படி முடியாத இடத்தில் நான் உங்கள் பக்கம்தான், அந்தக் கூட்டு என் சொந்தக் குடும்பமாகவே இருந்தாலும்.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்க வேண்டும். அந்தச் சியாவ்காங் ஒப்பந்தத்தில் பெயர் எழுதியவர்களுக்கு அக்குழந்தைகளை வளர்க்கும் கடமை உண்டு. அவர்களே ஒப்புக்கொண்டது என்று நீங்கள் எளிதில் விளக்கிவிடுவீர்கள். எதிலும் பெயர் எழுதாத ஒருவர் வாசலில் அப்படியொரு குழந்தை பசியோடு வந்து நின்றால், அவருக்கு ஏதேனும் கடமை உண்டா? உண்டு என்றால், உங்கள் தத்துவத்தில் அது எங்கிருந்து வருகிறது? பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்