ஆட்டிசம் உள்ள குழந்தைகள் வளர்ந்த பிறகு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஆட்டிசம் பற்றிய உங்கள் சிறப்புப் பக்கங்களைப் படித்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, விரல் நீட்டி எதையும் காட்டாதது, கேட்டதையே திருப்பிச் சொல்வது என்று ஆரம்ப அறிகுறிகளைத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பயத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை அதை வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றதையும் மறக்காமல் சொன்னீர்கள். சரி, ஆனால் படங்களில் இருப்பது எல்லாம் குழந்தைகள்; ஆலோசனைகளும் பள்ளி வயதோடு நின்றுவிடுகின்றன. ஆட்டிசம் உள்ள என் தம்பிக்குத் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. அவனைப் போன்றவர்களுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

ஆட்டிசம் பற்றி 1943இல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனர் எழுதிய கட்டுரையில் 11 குழந்தைகள் வருகிறார்கள். முதலாமவர் டொனால்ட் ட்ரிப்லெட். அவரைச் சிறு வயதில் ஒரு விடுதியில் விட்ட பெற்றோர், பிறகு மனம் கேட்காமல் வீட்டுக்கே அழைத்து வந்தார்கள். அவர் கல்லூரியில் படித்தார், வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், பல நாடுகளைச் சுற்றினார். 2023இல், 89 வயதில் காலமானார். (அந்த வங்கி அவர் குடும்பத்துடையது. எல்லாருக்கும் அது வாய்க்காது, அதையும் சொல்லிவிட வேண்டும்.) அந்த 11 பேரும் என்ன ஆனார்கள் என்று 1971இல் கேனர் மறுபடி எழுதினார். பெரிய மனநல விடுதிகளில் அடைக்கப்பட்டவர்கள் மிகவும் பின்தங்கிப் போயிருந்தார்கள். வளர்ந்த பிறகு எங்கே, யாரோடு வாழ்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

உடல்நலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். ஆட்டிசம் உள்ள சிலருக்குப் பதின்பருவத்தில்தான் முதன்முறையாக வலிப்பு வருகிறது. சிறு வயதில் வரவில்லையே என்று குடும்பங்கள் நிம்மதியாக இருந்துவிடுகின்றன. வலியைச் சொல்லத் தெரியாதவர்களுக்கு நடத்தைதான் மொழி. என் தம்பி ஒருமுறை கன்னத்தில் அறைந்துகொண்டே இருந்தான். 'ஆட்டிசம் இருந்தால் இப்படித்தான்' என்று தூங்க வைக்கும் மருந்தை எழுதிக் கொடுத்தார்கள். கடைசியில் பார்த்தால் கடைவாய்ப் பல்லில் சீழ். திடீரென்று ஒருவர் மாறினால் பல், காது, மலச்சிக்கல், வயிற்றெரிச்சல் இவற்றை முதலில் பார்க்க வேண்டும் என்று நீங்கள் கட்டம் கட்டிப் போட்டிருந்தால் எத்தனையோ வீடுகளுக்கு உதவியிருக்கும்.

பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் கதையும் இதுதான். அமெரிக்காவில் 1983 வாக்கில் அவர்களின் சராசரி ஆயுள் சுமார் 25; இன்று 60ஐ ஒட்டி வந்துவிட்டது. ஆனால் கூடுதலாக இருக்கும் 21ஆவது குரோமோசோமிலேயே அல்சைமர் என்ற மறதி நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணு இருப்பதால், அந்த நோய் அவர்களுக்கு வெகு சீக்கிரம் வருகிறது. எண்பது வயது அம்மா, ஐம்பது வயது மகனின் மறதியைச் சமாளிக்க வேண்டிய நிலை. எங்களுக்கு அப்புறம் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று பெற்றோர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் அக்கா, தங்கையைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். எங்களுக்கும் வயதாகிறது.

இன்னொன்று. நாற்பது வயதுக்காரரிடம் 'செல்லக்குட்டி, சாப்பிட்டியா?' என்று கொஞ்சுவதும், அவரை எதிரே வைத்துக்கொண்டே 'இவருக்கு என்ன பிடிக்கும்?' என்று என்னிடம் கேட்பதும் தாங்க முடியவில்லை. அவருக்குத் தேவையான உதவியோடு அவரே முடிவெடுக்கலாம் என்பதை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா.வின் 2006ஆம் ஆண்டு உடன்படிக்கையே உரிமையாகச் சொல்கிறது.

அடுத்த முறை ஆட்டிசம் உள்ள பெரியவர்களையே பேட்டி எடுங்கள். தொலைபேசியில் திடீரென்று கூப்பிட வேண்டாம். கேள்விகளை எழுத்தில் முன்கூட்டியே அனுப்பி, பதிலுக்குச் சில நாள் அவகாசம் கொடுங்கள். என் தம்பியிடம் கேட்டேன். தட்டச்சு செய்து தருகிறேன், ஆனால் புகைப்படம் எடுக்கக் கூடாது என்கிறான்.

இப்படிக்கு,
ஓர் அக்கா