கொடியும் சைரனும் தண்ணீர்ப் போத்தலும்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

மகளின் முழங்கால் காயத்தில் துணை நின்ற அவளுடைய விளையாட்டுக் கிளப்புக்கு ஆங்கிலத்தில் எழுதிய நன்றிக் கடிதம் கிளப் அறைக் கதவில் போன மாதமே ஒட்டியாயிற்று. இது எங்கட ஆட்களுக்கு. சமைத்துக் கொண்டுவந்து தந்தவர்கள், காரில் ஏற்றி இறக்கியவர்கள், "இந்த விளையாட்டு வேண்டாம், விடச் சொல்லுங்கோ" என்று அக்கறையோடு சொன்னவர்கள் எல்லாரும் மெல்பேர்ணின் இந்தத் தென்கிழக்கு மூலையில்தான் இருக்கிறீர்கள். அந்த மைதானத்தில் எங்கள் பிள்ளையை யார் யார் எப்படித் தாங்கினார்கள் என்று உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மகள் 18 வயதுக்குட்பட்ட பெண்கள் அணியில் ஃபுட்டி, அதாவது பந்தைக் கையாலும் பிடித்து ஆடுகிற அவுஸ்திரேலியக் கால்பந்து, விளையாடுகிறாள். போன வருடம் ஏப்ரலில், பருவம் தொடங்கிய கையோடு, உயரத் துள்ளிப் பந்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். யாரும் இடிக்கவில்லை, கிட்ட ஆளே இல்லை. ஊன்றிய கால் நின்றபடி நிற்க உடம்பு திரும்பியது, முழங்கால் உள்ளுக்குச் சரிந்தது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் குறுக்காக இழுத்துப் பிடிக்கிற தசைநார் அறுந்துவிட்டது. ஏசிஎல் என்று செய்தியில் அடிக்கடி கேட்பீர்களே, அதுதான். இப்படித் தனியே இறங்கும்போதும் சடாரென்று திரும்பும்போதும்தான் பலருக்கு அது போகிறது. ஃபுட்டி விளையாடும் பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு கூடுதலாகப் போகிறது.

முதல் நன்றி அணியின் ட்ரெய்னருக்கு. கிழமை நாட்களில் கடையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் இடுப்பில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளின் காயம் பார்ப்பார். ஒரு சதம் சம்பளம் இல்லை. அன்று அவர் ஓடிவந்து மகளைத் தூக்கவில்லை. மழையில் ஊறிய புல்லில் அவளுக்குப் பக்கத்தில் தானும் சரிந்து படுத்தார். இரண்டு முகமும் நேருக்கு நேர் இருக்கும்படி படுத்துக்கொண்டு, "என்னைப் பார், மூச்சை விடு, காலை நான் பிடிச்சிருக்கிறன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சப்பாத்தைக் கழற்ற வந்த என் கணவரைப் பார்வையாலேயே நிறுத்தினார். எதிரணியின் ட்ரெய்னர் தங்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அவர்களுடைய பிள்ளைகள் சுற்றி மதில் போல நின்று, அவளைக் கொண்டுபோகும்போது கைதட்டினார்கள். 2019இல் அடிலெய்ட் ஓவலில் நடந்த மகளிர் ஃபுட்டி இறுதிப் போட்டியில் அடிலெய்ட் அணியின் எரின் பிலிப்ஸுக்கு இதே தசைநார் அறுந்தபோது 53,034 பேர் வந்திருந்த கூட்டம் எழுந்து நின்று கைதட்டி வழியனுப்பியது. எங்கட மைதானத்தில் ஐம்பது பேரும் இரண்டு நாயும் இருந்திருக்கும். எனக்கு அது போதுமாக இருந்தது.

அதே ட்ரெய்னர் ஓகஸ்டில் இன்னொரு பிள்ளைக்குத் தலையில் அடிபட்டபோது செய்ததையும் சொல்ல வேண்டும். தலைக்காயம் பார்க்கிற ஹெட்செக் என்ற தொலைபேசிச் செயலியில் அறிகுறிகளைப் பதிந்தார், பிள்ளையைத் திரும்ப உள்ளே விடவில்லை. உள்ளூர் ஃபுட்டியில் 2024 முதல் மூளை அதிர்ச்சி என்றால் குறைந்தது 21 நாள் ஓய்வு, பிறகு டொக்டரின் கடிதம், அதன் பிறகுதான் ஆட்டம். அரையிறுதி அந்த 21 நாளுக்குள் வந்துவிட்டது. பிள்ளையின் தகப்பன் கெஞ்சினார், பிறகு கோபித்தார். ட்ரெய்னர் அசையவில்லை. நாங்கள் அந்த ஆட்டத்தில் தோற்றோம். அந்தப் பிடிவாதத்துக்கும் சேர்த்துத்தான் என் கும்பிடு.

அணி மனேஜருக்கு நான் பட்ட கடன் வேறு வகை. இங்கே புதிதாக வந்தவர்கள் இந்தப் பந்தியைக் கவனியுங்கள். விக்டோரியாவில் அம்புலன்ஸ் செலவை அரசாங்க மருத்துவக் காப்புறுதியான மெடிகேர் தராது, அதற்குத் தனியாகச் சந்தா கட்டி வைத்திருக்க வேண்டும். கிளப் காப்புறுதி இருக்கிறதுதானே என்று ஆறுதல்படவும் முடியாது. மெடிகேர் பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு அந்தக் காப்புறுதி ஒன்றும் தரக் கூடாது, நாம் கையிலிருந்து கட்டுகிற மீதியைக்கூடத் தரக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். பிசியோ போன்ற செலவில் ஒரு பங்குதான் கிடைக்கும். மனேஜர் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து பற்றுச்சீட்டுகளை இரண்டு குவியலாகப் பிரித்து, எது எங்கே போக வேண்டும் என்று எழுதித் தந்தார். மீதிக்கு கிளப் பெற்றோர் சொசேஜ் சுட்டு விற்றுக் காசு சேர்த்தார்கள்.

வீக்கம் வற்றி, காலை முழுதாக நீட்ட முடிந்த பிறகே சத்திரசிகிச்சை என்று வைத்திய நிபுணர் காத்திருந்தார். மே மாதம் அவளுடைய பின்தொடைத் தசைநாரில் கொஞ்சம் எடுத்து அறுந்த இடத்தில் வைத்துக் கட்டினார்கள். அம்மம்மா எண்ணெய்ப் போத்தலோடு தயாராக இருந்தார். தையல் ஆறும்வரை அதைக் கிட்டக் கொண்டுவரக் கூடாது என்று பிசியோ மிக மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

உண்மையில் கஷ்டம் அதற்குப் பிறகுதான். வலிக்கு மருந்து இருக்கிறது. தோழிகள் விளையாட, தான் அறைக்குள் காலை நீட்டிக்கொண்டு இருப்பதற்கு மருந்து இல்லை. ஒரு வியாழன் கோச் தொலைபேசி எடுத்தார். "பிள்ளையை ட்ரெய்னிங்குக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவவுக்கும் வேலை இருக்கு" என்றார். எங்கள் கிளப்பில் காயம் பட்டவர்களை வீட்டில் விடுகிற பழக்கம் இல்லையாம்.

முதலில் நேரம் பார்க்கிற வேலை கொடுத்தார்கள். இருந்தபடியே செய்யலாம். கிளப்புக்கு ஒருவராக இரண்டு பேர் சின்ன அறையொன்றில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து, நடுவர் கை காட்டினால் கடிகாரத்தை நிறுத்தி, ஆட்டத்தின் கால் பங்கான குவாட்டர் முடிந்ததும் சைரனை அழுத்த வேண்டும். ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு அந்தப் பொத்தானில் விரலை வைத்திருந்தவளின் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். எதிரணியொன்றிலிருந்து வந்த முதியவர் ஒருவர், தன் காலத்தில் முழங்கால் போனால் மாவுக்கட்டுப் போட்டு வீட்டில் விட்டுவிடுவார்கள் என்று கதை சொன்னாராம். அவருக்கும் நன்றி.

ஓகஸ்டில் எழுந்து நிற்கிற வேலை வந்தது: கோல் நடுவர். வெள்ளைக் கோட்டு, இரண்டு கொடி. நடுவிலுள்ள உயரக் கம்பங்களுக்கிடையே உதைத்த பந்து போனால் கோல், ஆறு புள்ளி. பக்கத்துக் கம்பத்தின் வழி போனால் ஒரு புள்ளி. கோலுக்கு இரண்டு சுட்டுவிரலையும் நீட்டிவிட்டு இரண்டு கொடியையும் ஆட்ட வேண்டும், ஒரு புள்ளிக்கு ஒரு விரல், ஒரு கொடி. பந்தின் கீழே சரியாக வந்து நிற்கப் பக்கவாட்டில் நாலு அடி எட்டி நடக்க வேண்டும். பிசியோவிடம் கேட்டோம், "அதுவே அப்பியாசம்தான்" என்றார். அடுத்த பருவம் தொடங்கியபோது ஓட அனுமதி கிடைத்திருந்தது. உடனே தண்ணீர்ப் போத்தல் கூட்டைக் கையில் கொடுத்து மைதானத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். அவளுடைய முழங்கால் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எனக்கு டொக்டரின் அறிக்கையைவிட இந்த வேலைகளில்தான் விளங்கியது. இதை யோசித்துச் செய்த கோச்சை என்ன சொல்லிப் பாராட்டுவது என்று தெரியவில்லை.

பிசியோவோடு மகளுக்கு ஒரு பெரிய சண்டையும் நடந்தது. ஏழாம் மாதம் கால் நன்றாக இருக்கிறது, விளையாட விடுங்கள் என்று நின்றாள். ஒன்பது மாதத்துக்கு முன் திரும்புகிறவர்களுக்கு மறுபடி அறுகிற ஆபத்து மிகக் கூட. அவர் திட்டவில்லை, சிட்னி ஸ்வான்ஸ் ஃபுட்டி அணியின் அலெக்ஸ் ஜோன்சனைப் பற்றிச் சொன்னார். 2012இல் பட்டம் வென்ற அணியில் ஆடிவிட்டு, ஒரே முழங்காலில் ஐந்து முறை தசைநார் வைத்துக் கட்டி, ஏறக்குறைய ஆறு வருடம் கழித்து 2018இல் திரும்பி வந்த மனிதர் அவர். இரண்டாவது ஆட்டத்திலேயே மற்ற முழங்கால் போனது. காரில் வரும்போது மகள் ஒன்றும் பேசவில்லை, ஆனால் பிறகு அவசரப்படவும் இல்லை. ஒற்றைக் காலில் துள்ளும் தூரம் நல்ல காலோடு ஒப்பிட 90 சதவீதமாவது வர வேண்டும், தொடைப் பலம் வர வேண்டும், இறங்கும்போது முழங்கால் உள்ளுக்குப் போகக் கூடாது. ஒவ்வொன்றையும் பிசியோ அளந்து பார்த்துத்தான் விட்டார். இப்போது எங்கள் அணி முழுவதும் பயிற்சிக்கு முன் ஃபுட்டியை நடத்துகிற ஏஎஃப்எல் அமைப்பு தயாரித்த "ப்ரெப் டு ப்ளே" அப்பியாசங்களைச் செய்கிறது. எப்படி இறங்குவது, எப்படித் திரும்புவது, எப்படி விழுவது என்று பிள்ளைகள் சிரித்துச் சிரித்துப் பழகுகிறார்கள்.

இனி எங்கட பக்கம். செவ்வாய்க்கிழமைகளில் பிசியோவுக்குக் கூட்டிப்போன பக்கத்து வீட்டு அண்ணை, அவள் படியேற முடியாது என்று வகுப்பையே கீழ்த்தளத்துக்கு மாற்றிய தமிழ்ப் பாடசாலை ரீச்சர், சோதனைக் காலத்தில் தன் மகளின் குறிப்புகளைப் பிரதி எடுத்துத் தந்த அன்ரி, எல்லாருக்கும் நன்றி. ஒரு விஷயம் சொல்லாமல் விட மனமில்லை. ஆம்பிளைப் பிள்ளை காலை உடைத்தால் "எப்ப திரும்ப விளையாடுவான்?" என்று கேட்கிற சிலர், இவளைப் பார்க்க வந்து, "கலியாணத்துக்குள்ள தழும்பு மாறுமோ?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் நன்றி இல்லை. கொண்டுவந்த இடியப்பத்துக்கும் சொதிக்கும் நிறையவே உண்டு.

இந்த மே மாதம் இறக்கினார்கள். அரை ஆட்டம்தான் என்று கோச் முதலே சொல்லிவிட்டார். அவள் எந்தப் பக்கம் ஓடினாலும் ட்ரெய்னர் அந்தப் பக்கக் கோட்டோரமாகவே நடந்துகொண்டிருந்தார். எதிரணிப் பிள்ளை பிடித்து இழுத்த முதல் டக்கிளில் விழுந்தாள், எழும்பினாள், அடுத்த பந்துக்கு ஓடினாள்.

சேர்ந்த காசில் மிஞ்சியதைக் கிளப்புக்குப் புது ஸ்ட்ரெச்சர் வாங்கக் கொடுத்துவிட்டோம். ட்ரெய்னருக்கு உதவ ஆள் போதாது, அதனால் நானும் முதலுதவி வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இன்னும் இரண்டு அம்மாமார் சேர்ந்தால் ஒரே காரில் போய் வரலாம், விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கோ. ஞாயிறு காலையில் பெண்கள் ஆட்டம் இருக்கும்போது மைதானப் பக்கம் ஒருக்கா வாருங்கோ. மடிக்கிற கதிரையும் குளிருக்கு ஒரு போர்வையும் போதும். கன்ரீன் தேத்தண்ணியை நம்பி வராதேங்கோ, பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு வாங்கோ.

நன்றியுடன்,
ஒரு ஃபுட்டிக்காரியின் அம்மா
மெல்பேர்ண்