நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிகளுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு பாட்டில் இருக்கும். ஒன்றில் தேன், இன்னொன்றில் கருஞ்சீரகம். இரண்டுமே உங்களைப் போன்ற ஒருவரின் கடையில் வாங்கியவைதான். சளி பிடித்தால் கருஞ்சீரகத்தை லேசாக வறுத்து, இடித்து, தேனில் குழைத்து நாக்கில் தடவுவது அம்மா காலத்துப் பழக்கம். அதை நான் விடவில்லை, விடப்போவதும் இல்லை. நாட்டு மருந்தில் நம்பிக்கை இல்லாத யாரோ எழுதும் மடல் என்று இதைத் தள்ளிவிடாதீர்கள்.

மூன்று வருடம் முன்பு, ஐப்பசி மழை. என் தங்கை மகனுக்கு அப்போது ஆறு வயது. இரண்டு நாளாக உடம்பு அனலாகக் கொதித்தது. அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு தங்கை கடைக்குப் போனாள். கடைக்காரர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "வைரஸ் காய்ச்சல்தாம்மா. ஆஸ்பத்திரியிலயும் இதுக்கு மருந்து கிடையாது. இதை மூணு வேளை குடு, ரெண்டு நாள்ல ஓடிப்போயிரும்" என்று கருஞ்சீரகப் பொடியும் தேனும் கொடுத்தார். நல்ல மனிதர். பிள்ளைக்குத்தானே என்று பொடிக்குக் காசுகூட வாங்கவில்லை.

அவர் சொன்னபடியே நான்காம் நாள் காலை உடம்பு குளிர்ந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மத்தியானம் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தான். இரண்டு தடவை வாந்தி. சாயங்காலம் கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான், கை கால் சில்லிட்டுக் கிடந்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம். டெங்கு என்றார்கள். ஐந்து நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தான்.

டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில் சூடு இறங்கும்போதுதான் சிலருக்கு இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, இரத்த அழுத்தம் சரிய ஆரம்பிக்கிறது. நாம் அந்த நேரம் பார்த்து, மருந்து கேட்டுவிட்டது என்று அசந்துபோகிறோம். டெங்கு வைரஸைக் கொல்ல மருந்து இல்லை என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் அந்த ஒன்றிரண்டு நாள் பிள்ளையைப் பக்கத்தில் இருந்து கவனித்து, அளந்து அளந்து சலைன் ஏற்றிக் காப்பாற்றுவது ஆஸ்பத்திரியில்தான் முடியும்.

சில கடைகளில் 'கொரோனாவையே விரட்டியது' என்று எழுதி ஒட்டியிருப்பதைப் பார்க்கிறேன். 2020இல் பாகிஸ்தானில் நான்கு மருத்துவமனைகளில் 313 கொரோனா நோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது. தேனும் கருஞ்சீரகமும் சாப்பிட்டவர்களுக்கு அறிகுறிகள் சீக்கிரம் குறைந்ததாக அதை நடத்தியவர்கள் சொன்னார்கள். எனக்கும் அது சந்தோஷமான செய்திதான். ஆனால் அவர்கள் எல்லோரும் வழக்கமான சிகிச்சையும் எடுத்துக்கொண்டு, டாக்டர்களின் கண்காணிப்பில் இருந்தவர்கள். அந்த ஒரு சோதனையைக் காட்டி டெங்குவுக்கும், வருகிற எல்லாக் காய்ச்சலுக்கும் பொட்டலம் கட்டிக் கொடுக்க முடியாது. மரணத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் கருஞ்சீரகத்தில் நிவாரணம் உண்டு என்ற நபிமொழியைச் சொல்லி வாங்குகிறவர்களும் உங்களிடம் வருவார்கள். அவர்கள் நம்பிக்கையில் நான் கை வைக்கவில்லை. அதோடு டாக்டரையும் பாருங்கள் என்று நீங்கள் சொன்னால் அந்த நம்பிக்கைக்கு ஒரு குறையும் வராது.

தேன் எதற்குக் கேட்கும் என்பதைத் தைரியமாகச் சொல்லி விற்கலாமே. சளியோடு வரும் இருமலுக்கு முதலில் தேனைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லி பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டியே எழுதியிருக்கிறது. தொண்டை கரகரப்பு அடங்கும், ராத்திரி பிள்ளை தூங்கும். இதற்கு மேல் அதற்குப் பட்டம் கட்ட வேண்டியதில்லை.

அப்புறம் சேனை. பிறந்த குழந்தையின் நாக்கில் வைக்கத் தேன் கேட்டு உங்களிடம் வருகிறார்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது. சுத்தமான மலைத்தேனிலும் ஒரு பாக்டீரியாவின் விதைத்துகள் இருக்கலாம். பச்சைக் குழந்தையின் குடலில் அது முளைத்து விஷத்தை உண்டாக்கினால், பால் குடிக்கவும் அழவும் தெம்பில்லாமல் குழந்தை துவண்டுபோகும், மூச்சே நிற்கக்கூடும். காய்ச்சினாலும் அந்தத் துகள் சாகாது. இதைப் பாட்டிமார்களிடம் நர்ஸ் சொன்னால் எடுபடுவதில்லை, நீங்கள் சொன்னால் கேட்பார்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் தினமும் கருஞ்சீரகம் சாப்பிடப் போவதாகச் சொன்னால், இரண்டும் சேர்ந்து சர்க்கரையை ரொம்ப இறக்கிவிடலாம் என்று அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். காய்ச்சலுக்கு என்று யார் வந்தாலும், பொட்டலத்தை மடிப்பதற்குள் 'எத்தனை நாளாச்சு?' என்று கேளுங்கள். இரண்டு நாள் தாண்டியிருந்தால் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்வு எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி என்று தராசுக்குப் பக்கத்தில் ஒரு அட்டையில் எழுதி வையுங்கள். எழுத நேரமில்லை என்றால் நானே எழுதிக்கொண்டு வருகிறேன். இந்த மாதச் சாமான் வாங்க எப்படியும் வரத்தான் போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கைக்காரி