கப்பலை விட்டு இறங்கும் நாளுக்கும் தயாராகுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில், சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் போய்வரும் சொகுசுக் கப்பல் பயணம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சாப்பாடு, நீச்சல் குளம், இரவு நிகழ்ச்சிகள் எல்லாம் விவரமாக வந்திருந்தன. நடுவில் நிற்கும் ஊர்களைப் பற்றி மட்டும் "இறங்கிச் சுற்றிப் பார்க்கலாம்" என்று ஒரே ஒரு வரி. நானும் என் கணவரும் போன வருடம் ஜூன் மாதம் அதே வழியில் போய் வந்தோம். நாங்கள் பட்ட சிரமம் முழுக்க அந்த ஒரு வரிக்குள்தான் இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால் எங்கள் பக்கத்திலிருந்து இப்போது நிறையப் பேர் இந்தப் பயணம் போகிறார்கள். பாதிப் பேர் அறுபது தாண்டியவர்கள். பிள்ளைகள் டிக்கெட் போட்டுக் கொடுத்து அனுப்பி வைக்கிறார்கள். கப்பலுக்குள் இருக்கும் வரை ஒரு கவலையும் இல்லை. டாக்டர் இருக்கிறார், லிஃப்ட் இருக்கிறது, நினைத்த நேரம் சாப்பிடலாம். கரையில் இறங்கிவிட்டால் ஏழெட்டு மணி நேரத்துக்கு இதெல்லாம் கிடையாது. நம் கையில் இருக்கும் பைதான். எங்களுக்குப் பதிவு செய்து கொடுத்த டிராவல்ஸ்காரர்கள் கப்பலின் படம் போட்ட வழவழ புத்தகம் கொடுத்தார்கள். எந்த ஊரில் எப்படி இறங்குவது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன், பெரிய ஆபத்து அதில்தான் இருக்கிறது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம். தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். நாங்கள் போன கப்பல் கடைசி வரை சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது. புக்கெட்டில் பதோங் கடற்கரைக்கு எதிரே கப்பல் நின்றது. கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகு மாலை 4 மணிக்கு. கரையில் இறங்கி என் கணவர் செல்போனை ஆன் செய்ததும், அது தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிக்கொண்டது. எங்கள் இருவருக்கும் அது தெரியாது. மதியம் ஒரு கடையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தோம். போனைப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு மணி நேரம் கிடக்குது, மெதுவா போகலாம்" என்றார். போனில் 2.10. என் கையிலோ, அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்த முப்பத்து நான்கு வருடமும் நாடி பார்க்கக் கட்டிய பழைய கைக்கடிகாரம். சிங்கப்பூர் நேரத்துக்குத் திருப்பி வைத்தது, அப்புறம் தொடவே இல்லை. அதில் 3.10. கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, விநாடி முள்ளைப் பார்த்தேன். ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் அவரைக் கையைப் பிடித்து எழுப்பி, கேட்ட காசைக் கொடுத்து ஒரு துக்துக் வண்டியில் ஏறிப் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தபோது மணி 3.40. நாங்கள் படகில் உட்கார்ந்திருக்கும்போது, ஒரு சின்னப் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு கணவனும் மனைவியும் மிதவைப் பாலத்தில் ஓடி வந்தார்கள். படகுக்காரர்கள் கயிற்றை அவிழ்க்காமல் கொஞ்சம் பொறுத்தார்கள். அந்தப் பெண்ணின் போனில் 3 மணி காட்டியது. ஏன் எல்லோரும் அவசரப்படுத்துகிறார்கள் என்று அவளுக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

எல்லாக் கப்பலும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. சில கப்பல்கள் போகிற ஊருக்கேற்பக் கடிகாரத்தை மாற்றும், சில மாற்றாது. அதனால் முதல் நாள் இரவே வரவேற்பு மேசையில், "நாளைக்குக் கப்பல் நேரம் எது, கடைசியாக எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும்?" என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். கப்பல் ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் போய்த் தாமதமானால் உங்களுக்காகக் கப்பல் நிற்கும். அதற்குத்தான் கூடுதல் காசு வாங்குகிறார்கள். நாமே வண்டி பிடித்துப் போனால் நிற்காது. அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான். தினமும் அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளில் அந்த ஊரில் கப்பல் நிறுவனத்துக்காக வேலை பார்க்கும் துறைமுக முகவரின் தொலைபேசி எண் அச்சிட்டிருக்கும். இறங்கும் முன் அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வழி தவறினாலும் உடம்புக்கு முடியாமல் போனாலும் முதலில் கூப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

அடுத்தது இறங்கும் விதம். பினாங்கில் கப்பல் துறையை ஒட்டியே நிற்கும். பாலம் வழியாக நடந்து வெளியே வந்தால் ஜார்ஜ் டவுன் ஊரே எதிரில். பதோங்கில் அப்படி இல்லை. கப்பல் கடலில் நங்கூரம் போட்டுவிடும், சின்னப் படகுகளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோவார்கள். மே முதல் அக்டோபர் வரை அங்கே தென்மேற்குப் பருவக்காற்று, அலை அதிகம். கப்பலின் வாசலில் நின்று பார்க்கும்போது படகு ஒரு நேரம் நம் முழங்கால் உயரத்துக்கு வருகிறது, அடுத்த நொடி கீழே போய்விடுகிறது. இரண்டு பணியாளர்கள் நம் முன்கையைப் பிடித்துக்கொண்டு, படகு சமமாக வரும்போது "இப்போ" என்பார்கள். அப்போது காலை வைத்துவிட வேண்டும். தயங்கி நின்றால்தான் அடிபடும். எனக்கு முன்னால் போன அம்மா ஒருவர் ஒரு கையில் கைப்பை, இன்னொரு கையில் குடையோடு நின்றார். பணியாளர் பிடிக்கக் கையே இல்லை. பையை முதுகில் மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் காலியாக வையுங்கள். ஹவாய் செருப்பு வேண்டவே வேண்டாம், பின்பக்கம் வார் வைத்த செருப்போ கேன்வாஸ் ஷூவோ போடுங்கள். நான் வருடம் முழுக்கப் புடவை கட்டுபவள்தான். அன்றைக்கு மட்டும் மகள் பேச்சைக் கேட்டுச் சுடிதார் போட்டேன், நல்லதாகப் போயிற்று. மூட்டு அறுவை சிகிச்சை செய்தவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள் எல்லாம் பணம் கட்டுவதற்கு முன்பே, "இந்த ஊரில் துறையா, படகா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அலை பெரிதாக இருந்தால் கேப்டன் அந்த ஊரையே விட்டுவிட்டுப் போய்விடலாம். அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். சண்டை போட்டுப் பயனில்லை, அவர் நம் உயிரைப் பார்க்கிறார்.

பினாங்கில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போக வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. 513 படிகள். அவருக்கு அறுபத்தெட்டு வயது, பத்து வருடமாக இன்சுலின் போடுகிறார். அன்று சீக்கிரம் இறங்க வேண்டும் என்று காலை ஆறேகாலுக்கே ஊசி போட்டு, ஆறரைக்கு இரண்டு இட்லி சாப்பிட்டார். அப்புறம் பாஸ்போர்ட் பார்க்கும் குடிநுழைவு வரிசையில் நின்று, வண்டி கிடைத்து, மலையடிக்கு வரும்போது பத்தரை. பாதிப் படி ஏறியதும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் நெற்றி வியர்வையில் நனைந்திருக்கிறது, கைப்பிடிக் கம்பியைப் பிடித்த விரல்கள் நடுங்குகின்றன. "என்னங்க, அப்படியே உக்காருங்க" என்று படியிலேயே உட்கார வைத்து ரத்தச் சர்க்கரையைச் சோதித்தேன். 58, ரொம்பக் குறைவு. குளுக்கோஸ் பவுடர் மூன்று தேக்கரண்டியைத் தண்ணீரில் கலந்து குடிக்க வைத்தேன். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தேன், 92. பிஸ்கட் கொடுத்து, நிழலில் அரை மணி நேரம் உட்கார வைத்து, அப்படியே கீழே இறக்கினேன். மேலே போகவில்லை. கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

நான் செவிலியர், பையில் எல்லாம் இருந்தது. இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? கப்பல் சாப்பாட்டைக் கரைக்கு எடுத்துப்போக விடமாட்டார்கள், பழம்கூடக் கூடாது. உறை பிரிக்காத பிஸ்கட், குளுக்கோஸ் பொட்டலம் இதெல்லாம் ஊரிலிருந்தே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்ட நேரத்துக்கும் அடுத்த சாப்பாட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விழும் என்று கரையில் இறங்கும் நாள்களில் தனியாகக் கணக்குப் போடுங்கள். அன்றைக்கு நடையும் அதிகம், சர்க்கரை வேகமாக இறங்கும். இன்சுலின் பேனாவை வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரு நாள் மாத்திரையை மட்டும் பிரித்து எடுத்துப்போகாமல் இரண்டு நாளுக்கு உள்ளதை எடுத்துப்போங்கள், கப்பலைத் தவறவிட்டால் அதுதான் கைகொடுக்கும். டாக்டர் சீட்டின் நகலும் வேண்டும். தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை சிலவற்றுக்குச் சிங்கப்பூரில் முன் அனுமதி கேட்கிறார்கள். மெல்லும் புகையிலை அங்கே அறவே கூடாது. பழக்கம் உள்ள பெரியவர்களின் சட்டைப் பையைப் பிள்ளைகளே ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. கடல் பயணத்துக்கான குமட்டல் மாத்திரையை, தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டால் பெரிதாகப் பலன் இல்லை. படகில் ஏறுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன் போட வேண்டும். கண் அழுத்த நோய் (கிளாக்கோமா), புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்த மாத்திரையைப் போடக்கூடாது.

காகிதங்கள் விஷயம் சுருக்கமாக. கப்பலில் ஏறி மலேசியா, தாய்லாந்து போய்த் திரும்புவது என்றால் சிங்கப்பூருக்குள் இரண்டாவது முறை நுழைகிறோம் என்று அர்த்தம். ஒரு முறை நுழைவதற்கு மட்டும் கொடுத்த விசா போதாது. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா கேட்பதில்லை என்றாலும், இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகைப் படிவம் ஒன்று வைத்திருக்கிறது. எந்தப் படிவத்தை எந்த நாளுக்குள் நிரப்ப வேண்டும் என்று கப்பல் நிறுவனத்திடமே எழுத்தில் கேளுங்கள். சில கப்பல்களில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதனால் முதல் பக்கத்தின் நகல் இரண்டு வேண்டும். வாடகைக் கார் பிடிக்க உதவும் கிராப் செயலியை ஊரிலேயே போட்டுவிடுங்கள். அங்கே போய்ப் போட்டால் நம் இந்திய எண்ணுக்கு வரும் ஓடிபி கிடைக்காமல் திண்டாட வேண்டியிருக்கும். நடுக்கடலில் போனை ஃபிளைட் மோடில் வையுங்கள், கப்பல் நெட்வொர்க் கட்டணம் மிக அதிகம்.

தீவுச் சுற்றுலா போகிறவர்களுக்கு ஒன்று. புக்கெட்டிலிருந்து ஃபீ ஃபீ தீவுக்கு ஸ்பீட் போட்டில் போனால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அலையில் படகு எழும்பி எழும்பி விழும். முன்பக்க இருக்கையில் அந்த அதிர்ச்சி நேராக முதுகெலும்பில் இறங்கும். முதுகு வலிக்காரர்கள், கர்ப்பிணிகள் போகவே வேண்டாம். மற்றவர்கள் பின்பக்கமாக உட்காருங்கள். கடற்கரையில் சிவப்புக் கொடி பறந்தால் கணுக்கால் நனையக்கூட இறங்காதீர்கள். அந்தப் பருவக்காற்று மாதங்களில் நீர் கடலுக்குள்ளே இழுக்கும், நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் இழுக்கும்.

இன்னொன்று, ஓர் ஊரில் ஓர் இடம் போதும். நாங்கள் தண்ணீர்மலையிலிருந்து இறங்கிய பிறகு வேறு எங்கும் ஓடவில்லை. லிட்டில் இந்தியாவுக்கு வந்து, வாழை இலையில் சாப்பிட்டுவிட்டு, குயின் தெருவில் இருக்கும் மகாமாரியம்மன் கோயில் வாசலில் உட்கார்ந்தோம். 1833-இல் கட்டிய கோயில். பூ விற்கும் அம்மா, "எந்த ஊரு?" என்று கேட்டு, உறையூர் என்றதும் முழம் பூவைச் சும்மாவே என் தலையில் வைத்துவிட்டார். தன் பாட்டியும் திருச்சிப் பக்கம்தான் என்றார். அங்கிருந்து கப்பல் நடந்து போகும் தூரம்தான். அவசரமே இல்லாமல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பயணம் முழுவதிலும் என் கணவர் திரும்பத் திரும்பச் சொல்வது அந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி இப்படிப்பட்ட கட்டுரைகள் வெளியிடும்போது, கப்பல் நிற்கும் ஊர்களின் பெயரோடு, அங்கே துறையில் நிற்குமா அல்லது படகில் இறங்க வேண்டுமா, ஊர் நேரம் என்ன, எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். டிராவல்ஸ் நடத்துபவர்களும் இதை ஒரு பக்கத் தாளில் தமிழில் அச்சிட்டு, பெரியவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவு எழுத்தில் கொடுக்கலாம். வரும் விடுமுறைக்கு எங்கள் தெருவிலிருந்தே இரண்டு குடும்பங்கள் புறப்படுகின்றன. அவர்களுக்கு நான் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மற்றவர்களுக்குத் தங்கள் பத்திரிகை வழியாகப் போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
உறையூர், திருச்சி.