ரேஸுக்குப் போறவங்க வெள்ளிக்கிழமையே போயிடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

சிங்கப்பூர் ஃபார்முலா ஒன் ரேஸுக்கு வீக்கெண்ட் ட்ரிப் போறதப் பத்தி உங்க இதழ்ல வந்த கட்டுரைய படிச்சேன். நல்லாதான் எழுதியிருந்தாங்க, ஆனா கடைசில குடுத்திருந்த பிளான்தான் எனக்கு மனசு ஒப்பல. சனிக்கிழமை ராத்திரி சென்னைல ஃபிளைட் ஏறி, ஞாயித்துக்கிழமை ரேஸ பாத்துட்டு, அன்னிக்கு நடுராத்திரி ஃபிளைட்லயே திரும்பிடலாம், ஆபீஸுக்கு லீவே போட வேணாம்னு இருந்துச்சு. அவ்ளோ காசு செலவு பண்ணி போறவங்க இத நம்பி டிக்கெட் போட்டுடக் கூடாதுன்னுதான் இந்தக் கடிதம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். யாரு ஜெயிச்சாங்கன்னு தெரிஞ்சுக்க டிவியே போதும், இன்னும் சொல்லப்போனா ரேஸோட கணக்கெல்லாம் டிவிலதான் நல்லா புரியும். யாரு எந்த டயர்ல ஓடறாங்க, யாரு டயர் மாத்தற இடமான பிட்டுக்கு வந்துட்டுப் போனாங்கன்னு ட்ராக் ஓரமா நிக்கறவங்களுக்கு பாதி தெரியாது. ரேஸ் நடக்கற மரீனா பே ட்ராக் கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர், அதுல நம்ம கண்ணுக்குப் படறது ஒரு திருப்பமும் அதுக்கு முன்ன பின்ன கொஞ்சம் ரோடும்தான். அப்ப நேர்ல போய் எதத்தான் பாக்கறதுன்னு கேட்டா, வெள்ளிக்கிழமை பிராக்டிஸ பாருங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

பிராக்டிஸ்ல காருங்க ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கும். ஒரு திருப்பத்துக்கு கொஞ்சம் முன்னாடி, பிரேக் அடிக்கற இடமா பாத்து நின்னுக்கோங்க. முதல் சில ரவுண்டு டிரைவருங்க கொஞ்சம் சீக்கிரமே பிரேக் புடிப்பாங்க, அப்பறம் ஒவ்வொரு ரவுண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமா தள்ளித் தள்ளி, சுவத்துக்கு இன்னும் ஒட்டி ஒட்டி வருவாங்க, இருட்டினதும் சக்கரத்துக்குள்ள பிரேக் டிஸ்க் செவசெவன்னு பழுக்கறது தெரியும், கார் அடில தீப்பொறி பறக்கும், சத்தம் ரெண்டு பக்கமும் இருக்கற கட்டடத்துல மோதி திரும்பி நம்ம நெஞ்சுல வந்து இடிக்கும். ஒரே திருப்பத்த ஒரு டிரைவர் எப்படி எடுக்கறாரு, அடுத்தவரு எப்படி எடுக்கறாருன்னு பக்கத்துல நின்னு ஒப்பிட்டுப் பாக்கற சான்ஸ் அன்னிக்குதான் கிடைக்கும். எந்த கேமராவும் இத இப்படி காட்டறதில்ல. நடந்து நடந்து பாக்கற வாக்அபவுட் டிக்கெட் எடுத்தீங்கன்னா இடத்த மாத்தி மாத்தி பாக்கலாம், ஆனா அந்த டிக்கெட்ல எந்தெந்த ஸோனுக்கு விடுவாங்கன்னு வாங்கறதுக்கு முன்னாடியே பாத்துக்கோங்க, ஸோன் 4 மட்டும்னு போட்ட டிக்கெட்ட வெச்சுக்கிட்டு பிட் பக்கம் போக முடியாது.

அடுத்தது சனிக்கிழமை. இது ஊருக்கு நடுவுல இருக்கற ரோட்ட மறிச்சுப் போடற ட்ராக், ரெண்டு பக்கமும் சுவரு, முந்தறது ரொம்ப கஷ்டம். அதனால முன்னாடி கிளம்பறவங்களுக்குதான் எல்லாம் சாதகம். 2023ல சைன்ஸ், 2024ல நோரிஸ், 2025ல ரஸ்ஸல், மூணு பேருமே, ரேஸ்ல யாரு எந்த இடத்துலேந்து கிளம்பணும்னு முடிவு பண்ற குவாலிஃபையிங்ல முதல்ல வந்து மறுநாள் ரேஸையும் ஜெயிச்சவங்க. அந்த குவாலிஃபையிங் நடக்கறது சனிக்கிழமை ராத்திரி! உங்க கட்டுரை சொல்ற ஃபிளைட்ல ஏறறவங்க சிங்கப்பூர் போய் இறங்கறதுக்குள்ள பாதி ரேஸ் முடிவாயிடுது சார். அதுலயும் 2026ல முதல் தடவையா அங்க ஸ்ப்ரிண்ட்னு ஒரு குட்டி ரேஸும் வைக்கறாங்க, அதாவது வெள்ளிக்கிழமை பிராக்டிஸோட ஸ்ப்ரிண்ட் குவாலிஃபையிங், சனிக்கிழமை அந்த குட்டி ரேஸ், அப்பறம் மெயின் குவாலிஃபையிங்னு மூணு நாளும் போட்டிதான். இத விட்டுட்டு ஞாயித்துக்கிழமை மட்டும் போறது அநியாயம்.

ராத்திரி எல்லாம் முழிக்கணுமே, உடம்பு தாங்குமான்னு சிலர் கேக்கறாங்க. ஐரோப்பா டீம்காரங்க அங்க வந்தும் அவங்க ஊரு நேரத்துலயே இருப்பாங்க, விடியறப்ப தூங்கி மத்தியானம் எழுந்திருப்பாங்க, ஏன்னா இது ராத்திரி ரேஸ், 2008ல ஆரம்பிச்சப்ப ஃபார்முலா ஒன்லயே முதல் ராத்திரி ரேஸ் இதுதான். நமக்கு அந்த அளவுக்கு சிரமமே இல்ல. சிங்கப்பூர் நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி, அங்க ராத்திரி 11 மணின்னா நம்ம உடம்புக்கு எட்டரைதான். நம்ம ஊரு நேரத்துலயே இருந்துட்டு காலைல லேட்டா எழுந்துக்கோங்க, வீக்கெண்ட் ஓடிடும்.

தங்கறதுக்கு ட்ராக் பக்கத்துலயே ஓட்டல் தேடாதீங்க, அந்த வாரம் ரேட் எங்கயோ போயிடும், சுத்தி ரோடெல்லாம் அடைச்சிருக்கறதால டாக்ஸியும் கிட்ட வராது. லிட்டில் இந்தியா பக்கம் ரூம் எடுத்தா டவுன்டவுன் லைன் மெட்ரோ ரயில்ல ரோச்சோர், பூகிஸ், அதுக்கடுத்து ப்ராமனேட், மூணாவது ஸ்டேஷன்ல இறங்கி நடந்தா ட்ராக்தான். திரும்பறப்ப மட்டும் மொத்த ஜனமும் பக்கத்து ஸ்டேஷன்ல போய் அடைஞ்சுடும், கொஞ்சம் தள்ளி பூகிஸ் வரைக்கும் நடந்துட்டா நிம்மதியா ஏறலாம், ரேஸ் ராத்திரில ரயிலையும் கூடுதல் நேரம் ஓட்டறாங்க.

பகல் பூரா ஊரு சுத்த ஃப்ரீ, இந்த ரேஸ்ல எனக்கு ரொம்பப் பிடிச்சதே அதான். ஆனா எல்லாத்தையும் பாத்துடணும்னு ஓடாதீங்க, அங்க வெயிலும் புழுக்கமும் ஆள சாய்ச்சுடும், 2025ல டிரைவருங்களுக்கே வெப்ப அபாயம்னு அறிவிச்சாங்க. ஒரு நாள் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில், ஒரு நாள் பாடாங் மைதானத்த ஒட்டி இருக்கற நேஷனல் கேலரி, அவ்ளோதான், மத்தியானம் ரூமுக்கு வந்து நல்லா தூங்கிடுங்க. சின்னப் பசங்கள கூட்டிட்டுப் போறவங்க சத்தத்த தடுக்க காதுக்குப் போடற ஹெட்செட் கண்டிப்பா எடுத்துக்கோங்க, பஞ்செல்லாம் பத்தாது. மழைக்கு குடை வேணாம், பின்னாடி நிக்கறவங்கள மறைக்கும், ரெயின்கோட்டே போதும்.

கடைசியா அந்த நடுராத்திரி ஃபிளைட். ரேஸ் எட்டு மணிக்குன்னு போட்டிருந்தாலும் மழை வந்தா அது யாரு கைலயும் இல்ல. 2022ல மழையால ஒரு மணி நேரத்துக்கு மேல தள்ளிப்போய்தான் ஆரம்பிச்சாங்க, அதுக்கப்பறம் ரெண்டு மணி நேரம் ஓடுச்சு. அன்னிக்கு நடுராத்திரி ஃபிளைட் போட்டு வெச்சிருந்தவங்க ஒண்ணு ஃபிளைட்ட விட்டிருக்கணும், இல்ல ரேஸ பாதில விட்டுட்டு ஓடியிருக்கணும். அதனால திங்கக்கிழமை ஒரு நாள் லீவு சொல்லிட்டு காலைல நிதானமா கிளம்பற டிக்கெட்டா போடுங்க, வெள்ளிக்கிழமைக்கும் சேத்து ரெண்டு நாள் லீவு, வருஷத்துக்கு ஒரு தடவை இத கேக்கறதுல தப்பே இல்ல. அடுத்த இதழ்ல அந்த பிளான மட்டும் திருத்திப் போட்டீங்கன்னா, இப்பதான் டிக்கெட் பாக்க ஆரம்பிச்சிருக்கற வாசகர்களுக்கு பெரிய உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகர்