பின்வளவில் பனித்தளம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடிய பனி ஹொக்கி என்றதும் நம் பத்திரிகைகள் பெரிய அரங்குகளையே காட்டுகின்றன. ஆனால் புகழ்பெற்ற ஹொக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி பழகியது ஒன்ராறியோவின் பிரான்ட்ஃபோர்ட் நகரில், வீட்டின் பின்வளவில், தந்தை தண்ணீர் ஊற்றி உறையவைத்த தளத்தில்தான். நம் பிள்ளைகளுக்கும் அப்படியொரு தளம் செய்து கொடுக்கலாம். சுற்றிலும் பலகைச் சட்டம் வைத்து, உள்ளே தறப்பாள் விரித்து, தண்ணீர் நிரப்பி உறையவிட வேண்டும்.

முதலில் நிலமட்டத்தை நூல் பிடித்துப் பாருங்கள். சரிவு இருந்தால் ஒரு பக்கம் தண்ணீர் ஆழமாகிப் பலகைச் சட்டத்தைத் தள்ளிவிடும். தறப்பாள் வெள்ளையாக, ஒட்டில்லாத ஒரே துண்டாக இருக்கட்டும். கறுப்பும் நீலமும் வெயிலை இழுத்து அடியிலிருந்தே உருக்கும். தொடர்ந்து சில நாட்கள் மைனஸ் 5 பாகைக்குக் கீழே போகும் என்றால் மட்டும் நிரப்புங்கள், அதுவும் ஒரே மூச்சில். விட்டுவிட்டு நிரப்பினால் அடுக்குகளுக்கிடையே காற்று புகுந்து, ஓடு போல் நொறுங்கும். மிக ஆழம் குறைந்த இடத்திலும் 10 சென்ரிமீற்றராவது வேண்டும். பனி கொட்டினால் உடனே வழியுங்கள். அது போர்வையாகி உறைவதைத் தடுக்கும். கீறல்களுக்குச் சுடுநீரை மெல்லியதாகப் பரப்பினால் போதும்.

ஒட்டாவாவின் ரிடோ கால்வாய்ச் சறுக்குப்பாதை 2022–23 குளிர்காலத்தில் குளிர் போதாமல் திறக்கவே இல்லை. குளிர் கிடைக்கும் வாரத்தைத் தவறவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகர்